தாய்மைச் சீருடை கையிருப்பில் இல்லை

குடிநீர் வாரியத்தில் ஒருவர் வேலைக்கு வந்ததாகப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் ஆள் வந்தால் மட்டும் போதாது, பெல்ட்டும் வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடத்தில் வரிசையாக நிற்பார்கள். சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகியிருக்க வேண்டும். அதன்மேல் வாரியம் கொடுத்த பெல்ட். அந்த பெல்ட்டின் பக்கிளில் ஒரு நீர்த்துளி பொறித்திருக்கும். அந்தத் துளி தொப்புளுக்கு நேராக இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் ஒரு மர அடிக்கோலோடு வந்து ஒவ்வொரு துளியையும் அளந்து பார்ப்பார். துளி அரை விரல் தள்ளியிருந்தாலும் அந்த ஆளுக்கு நேரே 'உ.இ.' என்று எழுதிவிடுவார். உடை இல்லை என்று அர்த்தம். அதன்பிறகு அந்த ஆள் எட்டு மணி நேரம் முதுகு ஒடிய உழைத்தாலும் சரி, வாரியத்தைப் பொறுத்தவரை அன்றைக்கு அவர் வரவில்லை.

இந்த விதி பெல்ட் போட்டவர்களுக்கு மட்டும். உதவி இயக்குநர் பதவிக்குப் போய்விட்டவர்கள் பெல்ட் போடுவதில்லை. சட்டையை வெளியே தொங்கவிட்டு, கையை வீசிக்கொண்டு, வரிசையைத் தாண்டி லிஃப்ட்டுக்குள் போய்விடுவார்கள். அடிக்கோல் அவர்கள் பக்கம் திரும்பாது. அது பதவியின் அடையாளம் என்று கீழே இருந்த எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளரும் அப்படித்தான் நம்பினார். தானும் ஒருநாள் பெல்ட் இல்லாதவன் ஆவேன் என்று இருபத்திரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார், பாவம்.

நாலாம் நம்பர் அங்கே புகார் வாங்குகிறவள். நாலாம் கவுண்டரில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார்கள், வந்த தண்ணீரில் புழு என்பார்கள், இப்போது அந்தப் புழுத்தண்ணீரும் வருவதில்லை என்பார்கள். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எண் போட்டு ரசீது கிழித்துக் கொடுப்பாள். ரசீது கிழித்தாகிவிட்டது என்றால் இயக்குநரே இறங்கி வந்தாலும் அந்தப் புகாரை அழிக்க முடியாது. ஏழு நாளைக்குள் மேலே இருந்து கையெழுத்தோடு பதில் போயாக வேண்டும். அந்தப் பதில் எப்போதும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே போகும் என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது பெல்ட் கடைசித் துளைக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த வியாழக்கிழமை கடைசித் துளையும் எட்டவில்லை. பேன்ட்டின் மேல் பொத்தானை எப்போதோ கைவிட்டு, நாடா போட்டுக் கட்டியிருந்தாள்.

கண்காணிப்பாளர் அடிக்கோலை வைத்துப் பார்த்தார். பெல்ட்டின் இரண்டு முனைகளும் அவள் இரண்டு கையிலும் இருந்தன.

"என்னம்மா இது, துளியக் காணோம்?"

"மாசமா இருக்கேன் சார். எட்டல."

"அது நல்ல விஷயந்தான். உன் வயித்து மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ரூலுக்குத்தான் கோபம்." இப்படிச் சொல்லிக்கொண்டே 'உ.இ.' எழுதினார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிரசவ விடுப்பு நான்கு மாதம், சம்பளத்தோடு. ஆனால் அதற்கு முந்தின எண்பது வேலைநாளும் விட்டுப்போகாமல் வந்திருக்க வேண்டும். மூன்று 'உ.இ.' வரைக்கும் மன்னிப்பு உண்டு. நாலாவது விழுந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் கிடையாது. அவள் கணவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். லிஃப்ட் கெட்டால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். சம்பளம் இல்லாமல் நான்கு மாதம் வீட்டில் உட்காருவது என்பது நடக்காத காரியம். போன வருஷம் இரண்டாம் கவுண்டர்க்காரிக்கு அப்படித்தான் ஆயிற்று. பிள்ளை பெற்ற இருபதாம் நாள் வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குச் சட்டையில் பால் கசிந்தது. 'சீருடையில் கறை' என்று அதற்கும் ஒரு 'உ.இ.' போட்டார்கள். அவள் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து அழுததை நாலாம் நம்பர் பார்த்திருக்கிறாள். அந்த நான்கு மாதத்தை மட்டும் எவனுக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

"இதுக்குன்னு ஒரு திட்டமே இருக்கேம்மா," என்றார் கண்காணிப்பாளர். "தாய்மைச் சீருடை. மூணாம் மாடிக்குப் போய்க் கேளு."

திட்டம் இருந்தது உண்மைதான். கூடத்தில் அதற்கு ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். 'தாயைத் தாங்குகிறோம்' என்று எழுதி, கீழே ஒரு பெண் தன் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே ஒரு ஹேங்கர். ஹேங்கரில் ஒன்றும் இல்லை. 'மாதிரிச் சீருடை' என்ற பலகை மட்டும் தொங்கியது. இந்தத் திட்டத்துக்காக வாரியம் ஒரு கேடயம் வாங்கியிருந்தது. கேடயம் பத்திரமாக இருந்தது.

மூன்றாம் மாடியில் சீருடைப் பிரிவின் அதிகாரி ஒரு நாற்காலியில் இருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதைவிட நாற்காலியை நிரப்பியிருந்தார் என்று சொல்வதுதான் சரி. சட்டை வெளியே தொங்கியது. அவரிடம் நல்ல மரியாதையான பேச்சு இருந்தது.

"உக்காரும்மா. உக்காரு. இந்த நிலைமைல நிக்கக் கூடாது. எத்தனாவது மாசம்?"

"அஞ்சு முடியப் போகுது சார்."

"அதை நீ சொல்லக் கூடாது. டாக்டர் சொல்லணும்."

வாரியத்து டாக்டர் வியாழக்கிழமைதோறும் வருவார். அவர் யாரையும் தொட்டுப் பார்ப்பதில்லை, நிமிர்ந்து பார்ப்பதும் அபூர்வம். மேசை விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்த வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'கர்ப்பம் போலத் தெரிகிறது' என்று ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்தார். முத்திரையைத் தூக்கிக்கொண்டு அவள் மறுபடி மூன்று மாடி ஏறினாள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் பெல்ட் இல்லாதவர்களுக்கு மட்டும்.

அதிகாரி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விண்ணப்பத்தில் ஏழு இடத்தில் கையெழுத்து வாங்கினார். எல்லாம் முடிந்த பிறகு பேரேட்டைத் திறந்தார்.

"கையிருப்பு இல்லம்மா."

"எப்ப சார் வரும்?"

"வராது. மொத்தம் நாப்பது தைச்சோம். நாப்பதும் பயனாளிகளுக்குக் கொடுத்தாச்சு. அவங்க திருப்பிக் கொடுத்தா உனக்கு வரும். உன் விண்ணப்பம் வரிசைல முதல்ல இருக்கு, கவலைப்படாதே."

"நாப்பது பேரா? இங்க மொத்தமே ஒம்பது பொம்பளைங்கதான் சார். அதுல ஆறு பேருக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு."

அதிகாரியின் முகம் கனிந்தது. "இங்க பாரும்மா. தாய்மைங்கறது ஒருத்தரோட அந்தரங்கம். யாரு யாரு கர்ப்பமா இருக்காங்கன்னு நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லலாமா? நாளைக்கு உன்னைப் பத்தி யாராவது கேட்டா நான் சொல்லுவேனா? போன வருஷமும் ஒரு பொண்ணு வந்து இப்படித்தான் கேட்டுச்சு. சொன்னேனா? சொல்லலியே!"

அன்று சாயங்காலம் கணவனும் அவளும் கடைவீதிக்குப் போனார்கள். கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு கடை இருந்தது. உள்ளே மெல்லிய பாட்டு, ஏஸி, ஒரு சோபா. இடுப்பில் அகலமான எலாஸ்டிக் வைத்த பேன்ட் ஒன்றை எடுத்துப் பார்த்து, விலைச்சீட்டைத் திருப்பி, அதே வேகத்தில் அதை இருந்த இடத்தில் வைத்தாள். அவள் சம்பளத்தில் பாதி.

"சாதாரண பேன்ட் இதுல கால்வாசிதானேங்க?" என்றான் கணவன், விற்பனைப் பெண்ணிடம்.

"இது பேன்ட் இல்லைங்க சார். இது ஒரு அனுபவம்."

"ரெண்டு காலு இருக்கே."

"இந்த நேரத்துல போய் விலை பாக்கலாமா சார்? வாழ்க்கைல எத்தனை தடவை வரும்?"

"அதேதாங்க நானும் சொல்றேன்," என்றாள் நாலாம் நம்பர். "மூணு மாசம் போடறதுக்கு இவ்வளவா?"

விற்பனைப் பெண் பரிதாபமாகச் சிரித்தாள். இன்னொரு ரேக்கில் கொஞ்சம் விலை குறைந்தவை இருந்தன. அவற்றில் முன்பக்கம் பெரிய குழந்தைப் பாதம் அச்சடித்திருந்தது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை உதைத்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு போனால் கண்காணிப்பாளர் அடிக்கோலைக் கீழே போட்டுவிட்டு மயக்கம் போடுவார் என்று நினைத்து, அத்தனை எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள்.

இனி சொந்த வைத்தியம்தான். கணவன் ஆணியும் சுத்தியலும் எடுத்து பெல்ட்டின் நுனியில் மூன்று புதுத் துளை போட்டான். இரண்டு வாரம் ஓடியது. கடைசித் துளைக்கு வந்த அன்று கண்காணிப்பாளர் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி எண்ணிப் பார்த்தார். வாரியம் கொடுத்தது ஐந்து துளை. இருந்தது எட்டு. 'அனுமதியற்ற துளை: மூன்று' என்று எழுதி, இரண்டாவது 'உ.இ.' போட்டார்.

மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "கட்டையில போறவனுங்க, துளைய எண்ணிக்கிட்டு இருக்கானுங்களா?" என்றாள். மாமியார் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மருமகள்மேல் பாசம் அதைவிட நீளம்; இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவாள். பெல்ட்டை நடுவில் வெட்டி, ஒரு சாண் எலாஸ்டிக்கைக் கறுப்பு நூலால் இழைத்துத் தைத்துக் கொடுத்தாள். தொழிற்சாலையில் செய்தது போலிருந்தது. ஆனால் வாரியத்துக் கறுப்பு வேறு, கடையில் வாங்கிய கறுப்பு வேறு. கண்காணிப்பாளர் ஜன்னலோரமாக அவளை நிறுத்தி, இரண்டு கறுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றாவதைப் போட்டார்.

"இன்னொண்ணு விழுந்தா அவ்வளவுதாம்மா," என்றார் வருத்தத்தோடு. அவர் வருத்தம் நிஜமானது. அதுதான் அவரிடம் தாங்க முடியாத விஷயம்.

மறுநாளைக்கு ஒரு வழி வேண்டும். மாமியார் கடையில் எந்தக் காலத்திலோ யாரோ விட்டுப்போன வாரியத்து பெல்ட் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து இதோடு கோத்துவிட்டாள். இரண்டு பெல்ட், இரண்டு பக்கிள், இரண்டு துளி. ஒன்று தொப்புளுக்கு நேராக. இன்னொன்று முதுகுத்தண்டுக்கு நேராக.

கண்காணிப்பாளர் அவளைச் சுற்றி மூன்று முறை வந்தார். கோயிலா குளமா, இப்படிச் சுற்றுகிறாரே என்று வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விதிப்புத்தகம் வந்தது. துளி தொப்புளுக்கு நேராக இருக்க வேண்டும் என்று இருந்தது. இன்னொரு துளி முதுகில் இருக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நாற்பது நிமிஷம் தேடினார். வெளியே புகார் கொடுக்க வந்த ஜனங்கள் ஷட்டரைத் தட்டினார்கள்.

"மேலிடத்துல விளக்கம் கேட்டு எழுதறேன்," என்றார் கடைசியில். "விளக்கம் வர்ற வரைக்கும் நீ வந்த மாதிரியும் இல்ல, வராத மாதிரியும் இல்ல."

அந்த வாரத்தில்தான் திட்டத்தின் எட்டாம் ஆண்டு விழா வந்தது. கூடத்தில் மேடை போட்டார்கள். புகைப்படக்காரர் நிஜமான வயிறு ஒன்று வேண்டும் என்று கேட்டதால் நாலாம் நம்பரைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஹேங்கருக்கு ஒரு புறம் கேடயம், மறுபுறம் அவள். துணை இயக்குநர் பேசினார். அவர்தான் திட்டத்தின் தந்தை என்று அறிமுகம் செய்தார்கள்.

"தாய்மார்களே!" என்று அவர் எதிரே இருந்த நூறு ஆண்களைப் பார்த்து ஆரம்பித்தார். "இந்தச் சீருடை வெறும் துணி அல்ல. உட்காரும்போது நம்மோடு சேர்ந்து விரியும். எழுந்திருக்கும்போது நம்மோடு சேர்ந்து சுருங்கும். மதியம் சாப்பிட்ட பிறகுதான் அதன் அருமை தெரியும். முன்பெல்லாம் மூன்று மணிக் கூட்டத்தில் எனக்கு மூச்சுத் திணறும். தாய்மார்களுக்கு எவ்வளவு திணறும் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த வேதனையில் பிறந்ததுதான் இந்தத் திட்டம். இன்று நாற்பது பேர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்!"

முன்வரிசை கை தட்டியது. முன்வரிசையில் யாருக்கும் பெல்ட் இல்லை. நாலாம் நம்பர் முன்னாலும் பின்னாலும் ஒரு துளியோடு, நாடா இறுக்கிய இடம் எரிய, ஒன்றரை மணி நேரம் நின்றாள். கணுக்கால் வீங்கியது. முடிந்ததும் எல்லோருக்கும் கொடுத்த விளக்கத்தாளில் ஒன்றை அவள் கையிலும் திணித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் எறிந்தாள். அதில் தாய்மைச் சீருடையின் படம் இருந்தது. பேன்ட்டின் இடுப்பில் நான்கு விரல் அகல எலாஸ்டிக், முன்னால் மடிப்பு வைத்த தளர்ந்த துணி, பெல்ட் மாட்டும் வளையங்கள் இல்லை. சட்டை வெளியே தொங்கவிட வேண்டியது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதையா நீ ஒரு மாசமா தேடிக்கிட்டு இருக்கே?"

"ஆமா அத்தை."

"அடிப்பாவி. இது வாரத்துக்கு நாப்பது எங்க கடைக்கு வருதே! நான்தானே தேய்க்கறேன்! உள்பட்டியில 'தா.சீ.' ன்னு போட்டு நம்பர் இருக்கும். தாராளமான சீருடைன்னுல்ல நெனச்சேன்."

"யாரு கொண்டு வந்து போடறாங்க?"

"உங்க ஆபீஸ் டிரைவர்தான். மேல் மாடி ஐயாமார் துணின்னு சொல்லுவான். பதினேழாம் நம்பர் பேன்ட்டுல எப்பவும் எண்ணெய்க் கறை இருக்கும். உங்க துணை இயக்குநரோடதுன்னு அவன்தான் சொன்னான்."

நாலாம் நம்பருக்கு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. லிஃப்ட்டுக்குள் போகிற தொங்குசட்டைகள். நாற்காலியை நிரப்பிக்கொண்டிருந்த அதிகாரி. இரண்டாம் கவுண்டர்க்காரி. வேலி பயிரை மேய்வதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த வேலி பயிரின் துணியையும் உருவிப் போட்டுக்கொண்டு, மேய்ந்த வயிற்றை அதற்குள் வைத்திருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு தட்டை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தாள். கணவன் ஓடி வந்தான். மாமியார், "உடைக்கட்டும் விடு, பழைய தட்டுதான்," என்றாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு நாலாம் கவுண்டருக்கு ஒரு பெண்மணி வந்து நின்றாள்.

"சொல்லுங்கம்மா, என்ன புகார்?" என்றாள் நாலாம் நம்பர், மாமியாரை நிமிர்ந்து பார்க்காமல்.

"இந்த ஆபீஸ்ல நாப்பது பேர் எட்டு வருஷமா மாசமா இருக்காங்கம்மா. இன்னும் ஒருத்தருக்கும் பிரசவம் ஆகல. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க புள்ளத்தாச்சித் துணிய நான்தாம்மா தேய்க்கறேன். ஒண்ணாம் நம்பர்லேருந்து நாப்பதாம் நம்பர் வரைக்கும். சுருங்கவே மாட்டேங்குது, வருஷா வருஷம் பெருசாத்தான் ஆகுது. வயித்துல இருக்கற புள்ளைங்களுக்கு இந்நேரம் பள்ளிக்கூட வயசு ஆகியிருக்கும். உள்ளயே ரெண்டாங்கிளாஸ் போகுமோ என்னமோ."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன்னால் நெருக்கினார்கள். நாலாம் நம்பர் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எண் போட்டாள். ரசீது கிழித்தாள்.

"ஏழு நாளைக்குள்ள பதில் வரும்மா."

"சூடா ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டாள் மாமியார், பழக்க தோஷத்தில்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள் நாலாம் நம்பர்.

ஆறு நாள் ஐந்தாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களுக்கு இது நாற்பது பூசணிக்காய். புகாரை அழிக்க முடியாது. பதில் கையெழுத்தோடு போக வேண்டும். தாங்கள்தான் எடுத்துக்கொண்டோம் என்று எழுதலாமா என்று ஓர் இளம் உதவி இயக்குநர் கேட்டாராம். துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

"எடுத்துக்கிட்டோம்னு எழுதினா அது திருட்டு. மாசமா இருக்கோம்னு எழுதினா அது பாக்கியம். நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தார்கள். ஏழாம் நாள் பதில் வந்தது: 'மேற்படி நாற்பது கர்ப்பங்களும் பரிசீலனையில் உள்ளன.'

பரிசீலனை என்று எழுதிவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். வியாழக்கிழமை நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். டாக்டர் வழக்கம்போல நிமிரவில்லை. மேசை விளிம்புக்கு மேலே ஒவ்வொரு வயிறாக எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் 'கர்ப்பம் போலத் தெரிகிறது' என்று குத்திக்கொண்டே போனார். இருபத்தெட்டாவது ஆளுக்கு மட்டும், "இது இரட்டையா இருக்கும்," என்றாராம்.

முத்திரை விழுந்த பிறகு அவர்களுக்கே ஒரு விஷயம் புரிந்தது. பிரசவ விடுப்பு நான்கு மாதம், சம்பளத்தோடு. அவர்களுக்கு 'உ.இ.' என்பதே கிடையாது, அடிக்கோல் தொட்டால்தானே! எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நாற்பது பேரும் அன்றே எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் விண்ணப்பத்தில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலமே சூட்கேஸ், குடை, சிலர் மீன் பிடிக்கும் தூண்டில் எல்லாம் காரில் ஏறின.

நாலாம் நம்பரும் பிரசவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த விண்ணப்பம்தான் துணை இயக்குநர் கிளம்புவதற்கு முன்னால் பார்த்த கடைசித் தாள். கண்காணிப்பாளர் கேட்டிருந்த இரண்டு பெல்ட் விளக்கத்தையும் அவர் அதிலேயே எழுதியிருந்தார். 'இரு துளிகள் ஏற்கத்தக்கவை. நாட்கள் முறைப்படுத்தப்படுகின்றன. ஆயினும் ஏற்கெனவே நாற்பது பேர் பிரசவ விடுப்பில் செல்வதால் ஆள் பற்றாக்குறை கருதி இந்த விடுப்பு மறுக்கப்படுகிறது. விண்ணப்பதாரர் அடுத்த பிரசவத்தின்போது முன்கூட்டியே விண்ணப்பிக்கவும்.'

அவள் அதைப் படித்துவிட்டுக் கவுண்டர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளை ஓர் உதை உதைத்தது. அன்று யாருக்கும் எண் போடவில்லை.

ஆனால் வாரியத்தில் ஒரு விதி இருந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு விதி நின்றுகொண்டிருக்கும். விடுப்பில் போகிற பயனாளி தாய்மைச் சீருடையைத் துவைத்து ஒப்படைக்க வேண்டும். நாற்பது பொட்டலமும் சலவைக் கடையிலிருந்து நேராக வாரியத்துக்கு வந்து இறங்கின. எல்லாப் பொறுப்பும் இப்போது கண்காணிப்பாளர் தலையில். கையிருப்பு வந்தால் விண்ணப்பித்தவருக்குக் கொடுக்க வேண்டும். விதி என்றால் அவருக்கு உயிர். பேரேட்டைத் திறந்தார். வரிசையில் ஒரே ஒரு பெயர். மேலாக இருந்த பொட்டலத்தை எடுத்து, "கையெழுத்துப் போடும்மா," என்று கொடுத்தார். பதினேழாம் நம்பர். எண்ணெய்க் கறை இல்லை. மாமியார் தேய்த்துத் தேய்த்துப் போக்கியிருந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை நாலாம் நம்பர் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்பில் நாடா இல்லை, எரிச்சல் இல்லை. எலாஸ்டிக் அவளோடு சேர்ந்து மூச்சு விட்டது. துணை இயக்குநர் மேடையில் சொன்னதில் இது ஒன்றே ஒன்று உண்மை என்று நினைத்துக்கொண்டாள். சட்டை வெளியே தொங்க, கையை வீசிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள். வரிசையில் நின்று தன் முறை வந்தபோது கண்காணிப்பாளர் அடிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"வணக்கம் மேடம்."

"என்ன சார், நான்தான். நாலாம் நம்பர்."

"தெரியுது மேடம். ஆனா பெல்ட் இல்லயே."

"நீங்கதானே சார் நேத்து எடுத்துக் கொடுத்தீங்க?"

"கொடுத்தேன். ஆனா பெல்ட் இல்லாதவங்களை அளக்கற அதிகாரம் எனக்கு இல்ல மேடம். நீங்க லிஃப்ட்ல போகலாம்."

அவர் கேலி செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் எந்த முகத்தையும் பார்த்ததில்லை, இடுப்பைத்தான் பார்த்து வந்திருக்கிறார். நாலாம் நம்பர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். துணை இயக்குநர் போட்ட உத்தரவை யாரு மாத்தலாம்?"

"பெல்ட் இல்லாதவங்க யார் வேணாலும் மாத்தலாம் மேடம்."

"இப்ப கட்டடத்துல பெல்ட் இல்லாதவங்க யாரு இருக்காங்க?"

கண்காணிப்பாளர் கூடம் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லா இடுப்பிலும் துளி இருந்தது. கண்கள் அவளிடம் வந்து நின்றன. லிஃப்ட் பொத்தானை அவரே அழுத்தினார்.

ஐந்தாம் மாடியில் துணை இயக்குநரின் நாற்காலி அகலமாக இருந்தது. கண்காணிப்பாளர் அதை இழுத்துப் போட, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவரே பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். 'மறுக்கப்படுகிறது' என்பதை அடித்துவிட்டு, 'நான்கு மாதம், முழுச் சம்பளத்துடன் வழங்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதை அந்தத் தொங்குசட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டாம் கவுண்டர்க்காரியின் பழைய கோப்பை வரவழைத்து, அவளுக்குக் கொடுக்காமல் விட்ட நான்கு மாத விடுப்புச் சம்பளத்தையும் கொடுக்கச் சொல்லி எழுதினாள். பாக்கி முப்பத்தொன்பது பொட்டலத்தையும் பூட்டி வைத்து, டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் திறக்க வேண்டும் என்று எழுதினாள்.

கடைசியாக இன்னொரு தாளை எடுத்தாள். நிதானமாக எழுதி, படித்துப் பார்த்து, கண்காணிப்பாளரிடம் நீட்டினாள். அவர் வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"'பிரசவ விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் ஒவ்வொருவரும், தாம் பெற்ற குழந்தையை நேரில் கொண்டுவந்து காட்டிய பிறகே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தவறினால் சம்பளம் கிடையாது.'" அவர் நிமிர்ந்தார். "இது எத்தனை பேருக்கு மேடம்?"

"நாப்பத்தியோரு பேருக்கும். எனக்கும் சேர்த்துத்தான் சார்," என்றாள் நாலாம் நம்பர். "நான் கொண்டுவந்து காட்டுவேன்."